கோதாவரியின் ஹேவ்லாக் பாலம்: பிரிப்பதா, விட்டுவைப்பதா, நடப்பதா?

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயிலில், ஆந்திராவின் கொவ்வூரைத் தாண்டியதும் கோதாவரி வந்துவிடும். வளைவுப் பாலத்தின் கான்கிரீட் வில்கள் ஒவ்வொன்றாகச் சன்னலைக் கடக்கும்போது, பக்கத்திலேயே இன்னொரு பாலம் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கூடவே ஓடிவரும். கல் தூண்கள், அவற்றின் மேல் பழைய இரும்பு கர்டர்கள், அதாவது உத்திரங்கள். அதில் ரயில் ஓடி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதுதான் ஹேவ்லாக் பாலம். மறுகரையில் இருக்கும் ராஜமுந்திரிக்காரர்களுக்குப் பழைய கோதாவரிப் பாலம்.

இந்தப் பாலத்தை என்ன செய்வது என்ற பேச்சு 1997-இல் ரயில் நின்றதிலிருந்தே நடக்கிறது. இரும்புக்காக விற்றுவிடலாம் என்ற யோசனை எழுந்தபோது ஊர் எதிர்த்தது. சுற்றுலாத் தலமாக்கலாம் என்று அரசுகள் சொல்லிவந்தன. 2025 ஜூனில் ‘அகண்ட கோதாவரி’ என்ற சுமார் 94 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். புஷ்கரப் படித்துறை, கடியம் நாற்றுப் பண்ணைகள் ஆகியவற்றோடு இந்தப் பாலமும் அதில் இருக்கிறது. 2027-இல் ஆற்றில் நீராடும் பெருவிழாவான கோதாவரிப் புஷ்கரம் வருகிறது. ஆக, ஏதோ ஒன்று நடக்கப்போகிறது. எது நடந்தால் நல்லது என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். இதே கேள்வியைச் சந்தித்த பாலங்கள் உலகில் பல உண்டு. அவற்றுக்கு நேர்ந்ததை வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்ப்பது நல்லது.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

மூன்று ஆண்டுக்குள் எழுந்த 56 கண்கள்

1890-களில் கிழக்குக் கரையோரமாக ரயில் பாதை போட்டபோது, சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே மிகப் பெரிய தடை கோதாவரிதான். ஆற்றின் இரு கரைகளையும் தண்டவாளம் வந்து தொட்டுவிட்டது. நடுவில் மட்டும் வழி இல்லை. பயணிகள் ஒரு கரையில் மூட்டை முடிச்சோடு இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து, மறுகரையில் வேறு ரயில் ஏற வேண்டியிருந்தது. கோடையில் அது அலுப்பு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவே ஆபத்து.

1897 நவம்பர் 11 அன்று பால வேலை தொடங்கியது. பொறுப்பேற்றவர் எஃப். டி. கிரான்வில் வால்டன். காசியில் கங்கையின் குறுக்கே டஃப்ரின் பாலத்தைக் கட்டி முடித்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1900 ஆகஸ்ட் 30 அன்று பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. இடையில் மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹேவ்லாக்கின் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் ராஜமுந்திரி நம் மாகாணத்து ஊர்தான். இன்னும் பின்னே போனால், அந்த ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த ராஜராஜ நரேந்திரன் நம் முதலாம் ராஜராஜ சோழனின் மகள் வயிற்றுப் பேரன். அவனுடைய மகன்தான் தெற்கே வந்து முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறினான். இந்த ஆற்றைக் கடக்கும் வழி நமக்கு அந்நியமானது அல்ல.

பாலத்துக்கு 56 கண்கள், அதாவது தூணுக்குத் தூண் 56 இடைவெளிகள். ஒவ்வொன்றும் சுமார் 45.7 மீட்டர், அதாவது 150 அடி. மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். கோதாவரியின் மணல் படுகையில் அடித்தளமாகக் கிணறு இறக்கி, அதன் மேல் கல் தூண் எழுப்பி, தூணுக்குத் தூண் இரும்பு கர்டர் வைத்த வேலை. கொஞ்சம் கீழே தவளேஸ்வரத்தில் ஆர்தர் காட்டன் 1852-இல் முடித்த அணைக்கட்டு இருக்கிறது. 1986 ஆகஸ்டில் அங்கே நொடிக்கு 35 லட்சம் கன அடி வெள்ளம் போயிற்று. அந்த வெள்ளம் முழுவதும் இந்தத் தூண்களுக்கு நடுவேதான் வந்தது. தூண்கள் நின்றன.

பாலத்தின் ஒரே குறை, அது ஒற்றைத் தண்டவாளப் பாலம். இரட்டைப் பாதை தேவைப்பட்டபோது 1974-இல் சாலையும் ரயிலும் சேர்ந்த இரண்டாவது பாலம் வந்தது. மூத்த பாலத்துக்கு வயதானபோது, அதன் இடத்தை எடுத்துக்கொள்ள 97.5 மீட்டர் நீளமுள்ள 28 வில்களோடு வளைவுப் பாலத்தைக் கட்டினார்கள். அந்த வேலை 1991-இல் தொடங்கி 1997-இல் முடிந்தது. ஹேவ்லாக் பாலத்துக்கு ஓய்வு கிடைத்தது. சாலைக்கென்று இன்னொரு பாலம் 2015-இல் திறந்தது.

பிரித்துவிடலாம் என்பவர்களின் நியாயம்

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது. பயன்படாத இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடித்தது ஒருநாள் விழும். விழும்வரை காவல் வேண்டும், வேலி வேண்டும், பொறுப்பு வேண்டும். விற்றால் கொஞ்சம் பணமாவது வரும்.

இந்த வாதம் பொருந்தும் இடம் நம் கண்ணெதிரே இருக்கிறது. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதிய பாலம் திறந்தது. பழைய பாலத்தின் மீது எனக்கு இருக்கும் பற்று பெரியது. 1964 புயல் அதைச் சிதைத்தபோது ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் மீட்டெடுத்த கதையை எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. ஆனாலும் அங்கே பிரிப்பதற்கு நியாயம் உண்டு. நாள்தோறும் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. நடுவில் இருக்கும் தூக்குப் பகுதி அசையும் பகுதி. அது வேலை செய்தால்தான் கப்பலும் படகும் போக முடியும். ஓடாத ரயிலுக்காக ஓர் எந்திரத்தைக் காலமெல்லாம் எண்ணெய் போட்டுக் காப்பாற்றுவது கடினம். அந்த அசையும் பகுதியையும் அதன் பற்சக்கரங்களையும் கரையில் வைத்துக் காப்பாற்றினால்கூட அந்தப் பாலத்தின் உயிரான பாகம் பிழைத்துவிடும்.

கோதாவரியில் இந்தக் காரணங்கள் எதுவும் இல்லை. நன்னீர் ஆறு. அசையும் பகுதி கிடையாது. பக்கத்திலேயே வேறு பாலங்கள் நிற்கும்போது இது மட்டும் வழியை அடைக்கிறது என்று சொல்லவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. கர்டர்களை இறக்கி விற்பதுதான் எளிய பகுதி. 56 கண் என்றால் ஆற்றுக்குள் 55 தூண்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாலத்தை ஒட்டி அவற்றை வெடி வைத்துத் தகர்க்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். மணலுக்குள் புதைந்த கிணறுகளை யாரும் தோண்டி எடுக்கப்போவதில்லை. ஆகவே பிரிப்பது என்றால் நடைமுறையில் என்ன ஆகும்? பாலம் போய்விடும், தூண்கள் ஆற்றில் நிற்கும். ஊர் இழப்பது முழுமையானது, ஆற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

விட்டுவைத்தால்

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் செலவில்லை என்று தோன்றும். கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்ததும் பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கின்சுவா என்ற மலைப் பள்ளத்தாக்குப் பாலம் இருந்தது. 1882-இல் கட்டி, ரயில்களின் எடை கூடியதால் 1900-இல் எஃகில் மறுபடி எழுப்பினார்கள். ஹேவ்லாக் திறந்த அதே ஆண்டு. 1959-இல் சரக்கு ரயில் நின்றது. அதை உடைத்து விற்பதற்காக வாங்கிய பழைய இரும்பு வியாபாரி, நேரில் பார்த்ததும் உடைக்க மனமில்லாமல் விட்டுவிட்டார். மாநில அரசு அதைச் சுற்றிப் பூங்கா அமைத்தது. 1987 முதல் சுற்றுலா ரயில்கூட ஓடியது. 2002-இல் ஆய்வு செய்தபோது துரு மிஞ்சிப்போயிருந்தது தெரிந்தது. ரயிலை நிறுத்தினார்கள். 2003 தொடக்கத்தில் பழுதுபார்க்கும் வேலையும் ஆரம்பமானது. அந்த ஜூலை 21 அன்று ஒரு சுழல்காற்று (டொர்னாடோ) அடித்தது. இருபது கோபுரங்களில் பதினொன்று சாய்ந்தன. பிறகு ஆராய்ந்தபோது, 1900-இல் புதிதாகக் கட்டியவர்கள் அடியில் 1882-இன் பழைய ஆணித்தண்டுகளையே மறுபடி பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. மேலே பார்க்கக் கம்பீரமாக நின்ற பாலத்தைத் தரையோடு பிணைத்திருந்தவை துருப்பிடித்த பழைய தண்டுகள்.

இந்தக் கதையில் எனக்கு உறைப்பது, அந்தப் பாலத்தை யாரும் வெறுக்கவில்லை என்பதுதான். வியாபாரி காப்பாற்றினார், அரசு காப்பாற்றியது, மக்கள் வந்து பார்த்தார்கள். பழுதுபார்க்கும் வேலை சில ஆண்டுகள் முன்னால் தொடங்கியிருந்தால் போதும்.

கோதாவரி டெல்டாவில் அப்படிப்பட்ட சுழல்காற்று அரிது, புயல் அடிக்கும். 1996 நவம்பரில் டெல்டாவின் கோனசீமா பகுதியைச் சூறையாடிய புயலை அந்த மாவட்டத்துக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. அப்போது ஹேவ்லாக் பாலம் பணியில் இருந்தது. தினமும் யாராவது அதில் நடந்து ரிவெட்டை (இரும்பை இணைக்கும் ஆணியை) தட்டிப் பார்த்த காலம். இன்று அப்படி இல்லை. ஆகவே விட்டுவைக்கும் வழி எனக்கு உடன்பாடில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வாகனம் விடலாமா?

சிலர் கேட்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்துக்காகக் கட்டிய பாலத்தில் எதிரெதிரே இரண்டு கார் போக இடம் கிடையாது. ஆட்டோவும் பைக்கும் விடலாம் என்றால், நடப்பவர்களுக்கு அதில் இடமில்லாமல் போகும். சாலைக்கு இரண்டு பாலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

பாதிப் பாலம்

ராஜமுந்திரிக் கரையிலிருந்து நான்கைந்து கண்களை மட்டும் புதுப்பித்து, கண்ணாடித் தளம் போட்டு, உணவகம் வைத்து, செல்ஃபி எடுக்க மேடை அமைப்பது. அரசுத் திட்டங்களுக்குப் பிடித்தமான வழி இதுதான். செலவு குறைவு, சீக்கிரம் முடியும், திறப்பு விழா புஷ்கரத்துக்கு முன் நடந்துவிடும்.

கின்சுவாவில் இதைத்தான் செய்தார்கள். விழாமல் நின்றவற்றில் ஆறு கோபுரங்களை வலுப்படுத்தி, 2011-இல் கடைசியில் கண்ணாடித் தளத்தோடு ஒரு நடைமேடையைத் திறந்தார்கள். அது அழகானது. கீழே சரிந்து கிடக்கும் இரும்பைப் பார்ப்பதும் ஓர் அனுபவம். ஆனால் அவர்களிடம் மிஞ்சியது அவ்வளவுதான். முழுப் பாலத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் ஏன் பாதியில் நிற்க வேண்டும்?

பாதிப் பாலத்தில் போகிறவர் போன வழியே திரும்ப வேண்டும். வெளியூர்க்காரர் ஒருமுறை வருவார். உள்ளூர்க்காரர் விருந்தாளி வரும்போது வருவார். மறுகரையில் இருக்கும் கொவ்வூருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. மீதி ஐம்பது கண்கள் முன்போலவே துருப்பிடிக்கும். அவற்றில் ஒன்று ஆற்றில் விழுந்தால் இந்த உணவகத்தையும் சேர்த்து மூடத்தான் வேண்டியிருக்கும்.

இதே உண்மையை வேறு வகையில் காட்டும் பாலம், கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஒஹையோ ஆற்றின் மேல் இருக்கும் பிக் ஃபோர் பாலம். 1895-இல் திறந்தது. அறுபதுகளின் இறுதியில் ரயில் நின்றதும், கரையிலிருந்து பாலத்துக்கு ஏறும் பகுதிகளை இரு பக்கமும் உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஆற்றின் நடுவே கர்டர்கள் மட்டும் மிஞ்சின. எங்கும் போகாத பாலம் என்று ஊரே சொன்னது. நாற்பது ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. நடுவில் 2008-இல் தீயும் பிடித்தது. பிறகு லூயிவில் பக்கம் வட்டமாகச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை கட்டி 2013-இல் திறந்தார்கள். மறுகரையில் இந்தியானாவின் ஜெஃபர்சன்வில் பக்கச் சரிவு 2014-இல் முடிந்தது. அதன் பிறகுதான் அது இரு ஊரும் புழங்கும் பாலமாயிற்று. பாலத்தின் இரும்பு 1969-இலும் 2014-இலும் ஏறக்குறைய அதேதான். இரு முனையும் தரையைத் தொட்டதுதான் மாறியது.

அலங்காரமா, நீளமா?

இப்போது உண்மையான போட்டிக்கு வருகிறோம். முழுப் பாலத்தையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாலும் அதற்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நியூயார்க்கின் ஹை லைன். மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் 1934-இல் திறந்த உயர்த்திய சரக்கு ரயில் பாதை. 1980-இல் கடைசி ரயில் போயிற்று. தண்டவாளத்தில் புல்லும் செடியும் தாமாகவே முளைத்தன. 1999-இல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இரண்டு பகுதிவாசிகள் அதைக் காப்பாற்ற அமைப்பு தொடங்கினார்கள். 2001 டிசம்பரில் அன்றைய மேயர் ஜூலியானி பதவி முடியும் தறுவாயில் இடிக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதையும் தாண்டி 2009-இல் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது. இன்று உலகமே போய்ப் பார்க்கிறது. நம் ஊர் அதிகாரிகளின் திட்ட அறிக்கைகளிலும் அதன் படம்தான் முதலில் வரும்.

இன்னொன்று, அதே நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேல் இருக்கும் பொகீப்ஸி ரயில் பாலம். 1889-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றிலிருந்து 65 மீட்டர் உயரம். 1974 மே 8 அன்று தீப்பிடித்து ஸ்லீப்பர் கட்டைகள் எரிந்தன. உரிமையாளரான ரயில் நிறுவனம் திவாலாகிக் கிடந்ததால் பழுதுபார்க்கவில்லை. ராஜமுந்திரியில் இரண்டாவது பாலம் வந்த அதே ஆண்டு அது. பிறகு பாலம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. 1992-இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கி, 1998-இல் பாலத்தைத் தங்கள் பெயருக்கே வாங்கினார்கள். 2009 அக்டோபர் 3 அன்று கரைக்குக் கரை நடைபாதையாகத் திறந்தார்கள். நீளம் 2.06 கிலோமீட்டர். மேலே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகள், பக்கங்களில் கம்பித் தடுப்பு. பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் வருகிறார்கள். நடக்கிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்.

இரண்டும் ஒரே ஆண்டில் திறந்தவை. செலவைப் பாருங்கள். பொகீப்ஸியின் 2.06 கிலோமீட்டருக்கு சுமார் 3.9 கோடி டாலர். ஹை லைனின் முதல் இரண்டு பகுதிகளுக்கு, அதாவது சுமார் 1.6 கிலோமீட்டருக்கு, 15 கோடி டாலருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஹை லைனில் அந்தப் பணம் செடிகளிலும், வடிவமைப்பிலும், இருக்கைகளிலும், விளக்குகளிலும் இருக்கிறது. அது வீண் என்று நான் சொல்லவில்லை. மன்ஹாட்டனில் அதைத் தாங்கும் பணக்காரக் கொடையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுற்றிலும் மனை விலை ஏறி, விலையுயர்ந்த குடியிருப்புகள் முளைத்தன. அருகிலுள்ள அரசுக் குடியிருப்பு மக்கள் அந்தப் பூங்காவைத் தங்களுடையதாக உணரவில்லை. 2017-இல் ஹாமண்டே வெளிப்படையாகச் சொன்னார்: அந்தப் பகுதி மக்களுக்காகத் தொடங்கிய வேலையில், அந்த மக்கள் விஷயத்திலேயே தாங்கள் தோற்றுவிட்டதாக. தன் வெற்றியைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அபூர்வம். அந்தப் பேச்சை மதித்து நாம் பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹேவ்லாக் பாலம் பொகீப்ஸியைவிட நீளமானது. கையில் இருப்பதாகச் சொல்லப்படும் 94 கோடியும் பல இடங்களுக்குப் பங்கிட வேண்டியது. இந்த நிலையில் ஹை லைன் வழியில் போனால் பணம் நான்கு கண்களிலேயே தீர்ந்துவிடும். அலங்காரத்தை நம்பித் தொடங்குவது பாதிப் பாலத்தில்தான் முடியும். என் முடிவு இதுதான்: கரைக்குக் கரை, எளிமையாக. பணம் போதாவிட்டால் அலங்காரத்தைக் குறைக்க வேண்டும், நீளத்தைக் குறைக்கக் கூடாது. காலையில் கொவ்வூரிலிருந்து ஒரு மாணவி சைக்கிளில் ராஜமுந்திரிக் கல்லூரிக்கு வர முடிந்தால், அந்தப் பாலம் சுற்றுலாப் பயணி வராத நாளிலும் உயிரோடு இருக்கும். தினமும் ஆள் நடக்கும் பாலத்தில் ஒரு கம்பி தளர்ந்தாலும் அன்றே யாராவது புகார் சொல்வார்கள்.

மேல் தளத்துக்கு முன் எலும்பு

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பயப்பட வேண்டியவை சில உண்டு. பயப்பட வேண்டும் என்றே சொல்கிறேன்.

2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் நடைத் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். புதுப்பித்துத் திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மரப்பலகைத் தளத்தை எடுத்துவிட்டு, அதைவிட எடை கூடிய அலுமினியத் தளம் போட்டிருந்தார்கள். ஆனால் பாலத்தைத் தாங்கிய பழைய வடங்களை மாற்றவில்லை. ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 முன்பே துருவில் அறுந்து கிடந்தன என்று விசாரணை சொன்னது. புதுத் தளமும் புது வண்ணமும் பார்த்து மக்கள் நம்பிக்கையோடு ஏறினார்கள். ஹேவ்லாக் தொங்குபாலம் அல்ல. ஆனால் அந்தத் தவறு எந்தப் பாலத்திலும் நடக்கலாம்.

ஒரு சிறு கணக்கு. நடைபாதையின் அகலம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணில் சுமார் 183 சதுர மீட்டர் தளம். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டால் ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 69 டன் நிரந்தரச் சுமை. திருவிழாக் கூட்டம் கூடும் இடங்களுக்கு நம் பால விதிகள் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்கிடச் சொல்கின்றன. அது இன்னொரு 91 டன். ரயில் ஓடிய பாலத்துக்கு இது பெரிய சுமையா என்று கேட்கலாம். ரயில் சில நிமிடத்தில் இறங்கிப் போய்விடும், கான்கிரீட் இறங்காது. பாலமும் 1997-இல் இருந்த பாலம் அல்ல. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிவலைத் தளம் போட்டால் 69 டன் பத்து டன்னுக்குள் அடங்கிவிடும். மழைநீரும் தேங்காது. பொகீப்ஸியின் கான்கிரீட்டை அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். கடைசிச் சொல் ஒவ்வொரு கர்டரையும் அளந்து பார்த்த பொறியாளர்களுடையதாக இருக்க வேண்டும். லேசான தளத்துக்கு அதற்கே உரிய ஆபத்தும் உண்டு. லண்டனில் மில்லேனியம் நடைப்பாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில், கூட்டத்தின் நடைக்கு ஏற்ப ஆடத் தொடங்கியதால் மூடப்பட்டு, 2002-இல்தான் மறுபடி திறந்தது. ஆட்டத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுத்தது புஷ்கரம். 2015 ஜூலை 14 அன்று ராஜமுந்திரிப் படித்துறையில் நெரிசலில் 27 பேர் இறந்தார்கள். அந்த ஊருக்கு அது ஆறாத காயம். 2027-க்குள் பாலத்தைத் திறந்தே தீர வேண்டும் என்ற அவசரம் எனக்கு அச்சத்தைத் தருகிறது. பன்னிரண்டு நாள் விழாவுக்கு வரும் கூட்டத்தை இரண்டு முனை மட்டுமே உள்ள ஒடுங்கிய பாதையில் ஏற்றக் கூடாது. விழாவுக்குள் வேலை முடிந்தாலும்கூட, அந்தப் பன்னிரண்டு நாளும் பாலத்தை மூடி வைப்பதே சரி. மக்கள் கரையிலிருந்து பார்க்கட்டும்.

வெயிலும் இருக்கிறது. மே மாதத்து ராஜமுந்திரியில் நண்பகலில் நிழலில்லாத இரும்பின் மேல் இரண்டரை கிலோமீட்டர் நடக்க யாராலும் முடியாது. பாலம் முழுக்கக் கூரை போட்டால் காற்று பிடித்துக்கொள்ளும், புயலில் அதுவே வினையாகும். ஐந்தாறு தூண்களுக்கு ஒருமுறை, சுமையைத் தூண் நேராகத் தாங்கும் இடத்தில், சிறு நிழற்கூடமும் குடிநீரும் வைத்தால் போதும். விடிகாலை நாலரைக்குத் திறந்து, வெயில் காலத்தில் பதினொன்று முதல் நான்கு வரை மூடி, இரவு பத்து வரை விடலாம். டெல்டா ஊர்கள் கோடையில் எப்படியும் அந்த நேரங்களில்தான் வெளியே வருகின்றன.

கட்டணம் வேண்டாம். கட்டணம் வைத்த அன்றே கொவ்வூர்க்காரர் பாலத்தை விட்டுவிடுவார். பராமரிப்புப் பணத்துக்கு வேறு வழி தேட வேண்டும். கரையில் இருக்கும் கடைகளின் வாடகையை அதற்கென்றே ஒதுக்கலாம். பொகீப்ஸியில் பாலம் மாநிலப் பூங்காத் துறையிடம் இருக்கிறது, பணம் திரட்டவும் தொண்டு செய்யவும் உள்ளூர் அமைப்பு தனியே இருக்கிறது. கோதாவரியிலும் இப்படிப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம். வண்ணம் பூசுவதற்கும் ரிவெட் பார்ப்பதற்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்காமல் திறப்பு விழா வைத்தால், பதினைந்து ஆண்டில் மறுபடி இதே ஒப்பீட்டை யாராவது எழுத வேண்டிவரும்.

ஆகவே வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் நீருக்குள் இறங்கி 55 தூண்களின் அடியிலும் மணல் அரிப்பைப் பார்ப்பது. 56 கண்களின் கர்டர், ரிவெட், தாங்கிகள் ஒவ்வொன்றையும் பதிவு செய்து, அந்த அறிக்கையைத் தெலுங்கில் ஊராருக்கு வெளியிடுவது. அடுத்து பழுது, வண்ணம். பிறகு இரு கரையிலும் சரிவுப் பாதை. கொவ்வூர்ப் பக்கத்தை முதலில் கட்ட வேண்டும். ராஜமுந்திரிப் பக்கம் எப்படியும் கட்டிவிடுவார்கள், கொவ்வூரைத்தான் பணம் தீர்ந்ததும் மறப்பார்கள். அதன் பின் தளம், கைப்பிடி. விளக்கு, செடி, சிற்பம் எல்லாம் பணம் மிஞ்சினால்.